பூஜையில் ஏறிய கோல்ஃப் குச்சிகள்

இந்தத் திருவனந்தபுரத்தில் குச்சி மாமாவைப் போல ஒரு கிறுக்கு இதுவரை பிறந்ததில்லை, இனிமேல் பிறக்கப்போவதும் இல்லை. கரமனையில் எனக்கு எதிர்வீடு. சர்க்கார் ஆபீஸில் ஃபைல் தள்ளி ரிட்டயர் ஆனவர். சம்சாரம் காலமானபிறகு தனிக்கட்டை. நானும் தனிக்கட்டைதான். ஆனால் நான் அதை யாரிடமும் சொல்லிக்கொண்டு திரிவதில்லை.

துபாயில் இருக்கும் அவர் பிள்ளை கண்ணன், சிநேகிதன் மூலம் ஒரு நீளப் பையைக் கொடுத்தனுப்பினான். ஆட்டோவிலிருந்து இறக்கும்போதே தெருவெல்லாம் எட்டிப் பார்த்தது. கல்யாணச் சமையல்காரனுடைய கரண்டிக்கட்டு என்றே நான் நினைத்தேன்.

"யாராத்துலே கல்யாணம்?"

"கல்யாணமும் இல்லே, காதுகுத்தும் இல்லே. கண்ணன் ஆடிப் பழசான கோல்ஃப் செட்டாக்கும் இது. நவராத்ரிக்கு வரான். ரெண்டு பேருமாக் கவடியார் கோல்ஃப் கிளப்புலே போய் ஆடப்போறோம்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பேச்சு என் வீடு வரை கேட்கும். "சாப்ட்டாச்சு. மருந்தும் சாப்ட்டாச்சு. இங்கே மழைதான். சரி, வெச்சுடு." அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச்சு அவ்வளவுதான். இப்போது ஒரு முழு நாள் பிள்ளையோடு நடக்கக் கிடைக்கிறது. ஒன்றும் தெரியாமல் போய் நின்று அவன் மானத்தை வாங்கிவிடக் கூடாதே என்று மனுஷர் அன்றைக்கே பாடம் தொடங்கிவிட்டார்.

ஃபோனில் வீடியோ பார்ப்பார். பார்த்ததை என்னிடம் வந்து ஒப்பிப்பார். கேட்க வேறு யார் இருக்கிறார்கள்?

"மாமி, இந்தப் பெரிய மண்டைக்குப் பேர் டிரைவர். தூரமாப் போற மொதல் அடிக்கு. இதுகளெல்லாம் அயர்ன். நம்பர் கொறஞ்சா பந்து தாழப் பறந்து தூரம் போகும். நம்பர் கூடக்கூட குச்சியோட முகம் ஆகாசத்தைப் பார்க்கும், பந்து ஒசக்கப் போய் கிட்டத்துலேயே விழும். இந்த வெட்ஜ், மணல்லே மாட்டிண்ட பந்தைத் தோண்டி எடுக்க. இந்தத் தட்டைக் குச்சி, கடைசியிலே குழிக்குள்ளே உருட்டி விட."

"ஒரு பந்தைத் தள்ள இத்தனை குச்சியா? தேங்கா பறிக்கற துறட்டி ஒண்ணு போறுமே."

"உங்காத்துலே ரசத்துக்கு ஒரு கரண்டி, சாதத்துக்கு ஒரு கரண்டி, அப்பளத்துக்கு ஒரு கரண்டி. எதுக்காக்கும்?"

என் வாயை அடைத்தவர் இந்தத் தெருவில் அவர் ஒருத்தர்தான்.

மறுநாள் தெரு நடுவில் நின்று டிரைவரை வீசினார். பந்து அசையவில்லை. குச்சி கையை விட்டுப் பறந்து, பக்கத்து வீட்டு ஓட்டின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஏணி கொண்டுவந்து இறக்கினோம். தெரு அவருக்குப் பெயர் வைத்தது அன்றுதான்.

பிறகு வெட்ஜைப் பழக ஆற்றங்கரை மணலுக்குப் போனார். துவைத்து உலர்த்திய துணிகள்மேலெல்லாம் மணல் பறந்தது. பந்து மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. குளிக்க வந்தவன் மலையாளத்தில் கேட்டான்: "எந்தா சாமீ, கிணறு குழிக்கயாணோ?" கிணறு தோண்டுகிறாராம்!

மாமா விடவில்லை. ஒரு சாயங்காலம் ஏழாம் நம்பர் குச்சியால் அடித்த பந்து தென்னையைத் தாண்டிப் போய் விழுந்ததாம். வேஷ்டி தடுக்க ஓடிவந்து என்னிடம்தான் முதலில் சொன்னார்.

நவராத்திரியும் வந்தது. எங்கள் ஊரில் அஷ்டமி சாயங்காலம் புஸ்தகத்தையும் ஆயுதத்தையும் பூஜையில் வைத்தால், விஜயதசமி காலையில் எடுக்கும்வரை தொடக்கூடாது. கண்ணன் தசமிக்குத்தான் வருவதாக இருந்தான். மாமா குச்சிகளை ஒன்று விடாமல் துடைத்து, ஒவ்வொன்றின் மண்டையிலும் சந்தனமும் குங்குமமும் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டார்.

கற்பூரம் அணைவதற்குள் ஃபோன். கண்ணனுக்கு லீவைக் குறைத்துவிட்டார்களாம். நாளை நவமியன்று காலையில் வருகிறான், தசமி விடிவதற்குள் விமானம்.

நவமி காலை சுண்டலோடு நான் போனபோது, அவன் வெள்ளைத் தொப்பியும் பூட்ஸுமாக நடு ஹாலில் நிற்கிறான்.

"எடுத்துடலாம்ப்பா. சாமி ஒண்ணும் சொல்லாது."

"உங்கம்மா பூஜையிலே வெச்ச கத்திரிக்கோலைக்கூடத் தொட்டதில்லேடா."

"அப்போ அங்கே வாடகைக்கு வாங்கிக்கலாம்."

"இன்னிக்கு எந்த ஆயுதமும் தொடப்படாது."

"இதுக்காக்கும் நான் அங்கேருந்து வந்தது!" கண்ணன் ஃபோனை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டான். மாமா குச்சிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"பந்தைப் பூஜையிலே வெச்சேளோ?" என்றேன்.

"இல்லையே. பெஞ்சுக்கடியிலே கெடக்கு."

"பின்னே என்ன? கை இருக்கோன்னோ?"

எங்கள் தெரு வீடுகள் ரயில்பெட்டி மாதிரி. வாசலில் நின்றால் கொல்லைக் கிணறு தெரியும். கொல்லைப்படி ஓரம் குழிக்குப் பதிலாக ஒரு டவராவைச் சாய்த்து வைத்தேன். ஃபோனை வைத்துவிட்டுக் கண்ணனும் வர, அப்பாவும் பிள்ளையும் தரையில் உட்கார்ந்து கையாலேயே உருட்டினார்கள். ஒவ்வொரு உருட்டலுக்கும் முன்னால் சண்டை.

"இந்தத் தூரத்துக்கு ஒம்பதாம் நம்பர்."

"போடா, கதவு குறுக்கே நிக்கறது. வெட்ஜாலே தூக்கிப் போடணும்!"

குச்சியைத் தொடாமல், விரலால் சரஸ்வதி பக்கம் சுட்டிக் காட்டியே வாதம். கண்ணன் கடைசியில் கேட்டான்: "அப்பா, இத்தனையும் எப்போ படிச்சே?"

"வெறுதேதானேடா இருக்கேன்."

கண்ணன் தன் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி அப்பா தலையில் வைத்துவிட்டு, மறுபடியும் பந்தை எடுத்தான். விளக்கேற்றும் வேளையில் நான் டவராவைக் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஃபோன் சீக்கிரத்தில் ஓயாது. மழை விட்டதும் கண்ணன் வந்து அப்பாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டான். வாராவாரம் சேர்ந்து ஆடுகிறார்களாம். நல்ல காரியம். கேட்கிறவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்கிறேன். எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது. சாயங்காலமானால் தெருவில் ஒரு சத்தம் இல்லை.

போகிற அவசரத்தில் மாமா, கண்ணன் கொடுத்த அந்த வெள்ளைத் தொப்பியை என் வீட்டு நாற்காலியில் மறந்துவிட்டார். அங்கே வெயில் கொளுத்துகிறதாம், யாராவது வந்தால் கொடுத்தனுப்புங்கோ மாமி என்று ஃபோனில் சொன்னார். துபாய் போகிறவர்களுக்கா இந்த ஊரில் பஞ்சம்? நான் யார் கையிலும் கொடுக்கவில்லை. வேணுமானால் அவரே வந்து வாங்கிக்கொள்ளட்டும்.