ஏரியில் ஜெயரட்ணம், விரதத்தில் ரதி

"இனிச் செத்தாலும் மார்க்கத்துக்குப் போகமாட்டன்!"

ஜெயரட்ணம் போட்ட சத்தத்தில், கனடாவின் ஸ்காபரோ அப்பார்ட்மென்டில் கீழ்வீட்டுக்காரன் தும்புத்தடியால் தன் முகட்டில் இடித்தான். ஜெயரட்ணம் காலால் தரையில் திருப்பி உதைத்தார். தொண்ணூற்றேழாம் ஆண்டுக் கோடையில் அவருக்கு இருந்த கோபம் அப்படி.

கோபத்துக்குக் காரணம் மைத்துனன் கீதன். மனைவி ரதியின் ஒரே தம்பி. பக்கத்து ஊரான மார்க்கத்தில் வீடு வாங்கிய நாளிலிருந்து, வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ற் கட்டுகிறான். கட்டுகிறான் என்பது பேச்சுக்கு. கட்டுவது அத்தான், பக்கத்தில் நின்று ரீ குடிப்பது மைத்துனன். கிழமை முழுக்க மிசிசாகாவில் பெட்டி தூக்குகிற மனிதனுக்கு மூச்சுவிடக் கிடைப்பது ஒரு சனிக்கிழமை. அதிலும் மைத்துனன் வந்து குந்திக்கொண்டால் எவனுக்குத்தான் பத்திக்கொண்டு வராது?

"அப்ப சனிக்கிழமையில என்ன செய்யப்போறியள்?" என்றாள் ரதி.

"மீன் பிடிக்கப்போறன்."

"நீங்களோ?"

"ஏன், மீன் என்ன சிற்றிசன்சிப் கேக்குமோ?"

ரதி சிரிக்கவில்லை, சண்டைக்கும் வரவில்லை. "நல்லது, போட்டு வாங்கோ" என்றாள். ஜெயரட்ணம் அப்போதே பயந்திருக்கவேண்டும். பாவம், வென்றுவிட்டதாக நினைத்தார்.

ஒஷாவாவுக்கு வடக்கே ஸ்குகொக் ஏரி. பாசி படர்ந்த சோம்பல் தண்ணீர். அங்கே உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டை மீன். பிறீம் என்பார் சிலர், புழு விற்ற வெள்ளைக்காரன் சன்ஃபிஷ் என்றான். பெயர் எதுவானாலும் புத்தி மட்டு. புழுவைக் கண்டதும் குடும்பத்தோடு வந்து மாட்டியது. வாளி நிறைந்தது. முக்கியமாக, "அத்தான், உந்தப் பலகையைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்று ஒருவனும் கூப்பிடவில்லை. ஜெயரட்ணம் பல மாதத்துக்குப் பிறகு விசிலடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் வாளியைத் தூக்கிக் காட்டினார். "ரதி! கொண்டா சட்டியை!"

நெற்றி நிறையத் திருநீறோடு நின்ற ரதி, ஒரு பாய்ச்சலில் பின்வாங்கினாள்.

"ஐயோ, கிட்டக் கொண்டராதேங்கோ! நான் சனிவிரதம்."

"எப்ப இருந்து?"

"இண்டையில இருந்து. உங்களுக்கெல்லோ ஏழரைச்சனி."

"எனக்குச் சனியெண்டா நானெல்லோ விரதம் இருக்கவேணும்?"

"நீங்கள் பசி தாங்குவியளே? அதுதான் உங்கட உயிருக்காக நான் இருக்கிறன்."

"எத்தினை கிழமைக்கு?"

"சனி விலகுமட்டும்."

புருசன் உயிருக்காகப் பட்டினி கிடக்கிறவளை ஏச முடியுமா? ஏசினால் கனடாவில் உள்ள தமிழ்ச்சனம் முழுக்கக் காறித் துப்பும்.

"பல்கணியில வைச்சு வெட்டுங்கோ. உள்ளுக்கு மணம் வரக்கூடாது" என்றாள் ரதி.

சன்ஃபிஷ்ஷின் முதுகெல்லாம் முள். விரல் எல்லாம் குத்தியது. செதில் பறந்து மீசையில் ஒட்டியது. அவரே வெட்டி, அவரே பொரித்து, சட்டியையும் அவரே தேய்த்தார். பிள்ளைகள் ஒரு துண்டைக் கிளறிப் பார்த்துவிட்டு, "அப்பா, உதில ஒரே முள்ளு. பீற்சா எடுப்பமே?" என்றார்கள். அவரே தின்றார்.

அடுத்த சனியும் அதே கூத்து. பிரிட்ஜில் வைத்த புழு டப்பா விரதத் தயிருக்குப் பக்கத்தில் இருந்ததாம். பிரிட்ஜையும் அவரே கழுவினார்.

பிடித்ததைத் திரும்ப ஏரியில் விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரன் அப்படித்தான் செய்தான். மீனுக்கு ஒரு முத்தம் வேறு கொடுத்துத் தண்ணீரில் விட்டான். ஆனால் யாழ்ப்பாணத்தான் பிடித்த மீனைத் திருப்பி விட்டதாகச் சரித்திரம் உண்டா? உயிர் போனாலும் அவர் கை விடாது. வெறும் வாளியோடு திரும்பினாலோ, "நான் அப்பவே நினைச்சனான்" என்று ரதி சொல்லாமல் சொல்லுவாள்.

மூன்றாம் சனி, மிதவை அமிழும்போதெல்லாம் அவருக்குக் கொதி ஏறியது.

"வந்திட்டியா? உன்ர செதிலை ஆரடா உரிக்கிறது, உன்ர கொப்பனோ?"

மீன்கள் கேட்டால்தானே! அன்றைக்குத்தான் வாளி வழிந்தது.

வீட்டுக்கு வந்ததும் வாளியைப் பல்கணியில் அடித்து வைத்தார். "போதும்! அடுத்த சனி நான் மார்க்கத்துக்குப் போறன். உந்தச் சனியன் மீனை விட உன்ர தம்பி திறம்!"

"உங்கட விருப்பம்" என்றாள் ரதி, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு.

அடுத்த சனி. காலை முழுக்க ஜெயரட்ணம் கீதனின் பேஸ்மென்றில் சுவருக்கு ட்ரைவோல் பலகை அடித்தார். ஒவ்வொரு ஆணியையும் ஒவ்வொரு சன்ஃபிஷ்ஷாக நினைத்து அடித்ததால் வேலை மளமளவென்று போனது. கீதன் ரீ குடித்தான்.

மத்தியானம் சாப்பிட மேலே ஏறினார். மேசையில், கூட வந்திருந்த ரதி. அவள் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு, குழம்பு, அதற்குமேல் மொறுமொறுவென்று பொரித்த விளைமீன். தலைப்பக்கத்தை ரசித்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அடியே! விரதம்? என்ர ஏழரைச்சனி?"

ரதி ஒரு முள்ளைப் பக்குவமாக எடுத்துக் கோப்பை ஓரத்தில் வைத்தாள்.

"அது போன கிழமையே விலகீட்டுது. கெதியாச் சாப்பிடுங்கோ, கீழ இன்னும் ரெண்டு சுவர் கிடக்காம்."