தும்மாதவளுக்கு வந்த தொற்று

அலைகடலை ஆட்டிப்படைக்கும் கப்பல் இன்ஜினியரும் என் தங்கை மகளின் கணவருமான மாப்பிள்ளை அவர்களுக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவின் குறுநில மன்னனாகிய தாய்மாமன் எழுதுவது. நான் நலம். மற்றவர்களின் நலம் என் பொறுப்பில் இருக்கிறது.

பதறாமல் படியுங்கள். பிரசவத்துக்கு வரும் எல்லாருக்கும் இங்கே மூக்கில் குச்சி விட்டுப் பார்க்கிறார்கள். நம் பெண்ணுக்கும் பார்த்தார்கள். தும்மல் இல்லை, காய்ச்சல் இல்லை, ஆனால் தொற்று இருக்கிறது என்று முடிவு வந்தது. அதற்குள் உங்கள் மகள் பிறந்துவிட்டாள். தாய் ஓர் அறை, மகள் ஓர் அறை, நடுவே கண்ணாடி. என் தங்கை நடந்த நடையில் வராந்தாவில் பள்ளம் விழுந்தது, பின்னாலேயே நான் நடந்ததில் அது வாய்க்காலாகிவிட்டது. கண்ணாடிக்குள்ளிருந்து உங்கள் மனைவி, "மாமா, சும்மா உக்காருங்க. உங்களப் பாத்தாத்தான் எனக்கு பிரஷர் ஏறுது" என்றாள். எப்படி உட்கார்வது? பெற்ற பிள்ளையைத் தொட முடியாமல் அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நேரே போய் டாக்டரம்மாவை மடக்கினேன். அறிகுறியே இல்லாத நோய் என்ன நோய், ஆளில்லாத வீட்டுக்கா காவல் போடுகிறீர்கள் என்று முழங்கினேன். பக்கத்துத் தெரு வாகனங்கள் நின்றுவிட்டன. அந்த அம்மா நிதானமாக, "ஆள் உள்ள இருக்காங்களா, இல்ல செருப்ப மட்டும் விட்டுட்டுப் போயிட்டாங்களான்னு ஒரு குச்சி சொல்லாது, பெரியவரே. போன மாசத் தொற்றோட மிச்சமா இருக்கலாம், இப்பத்தான் ஆரம்பிக்கறதாவும் இருக்கலாம். இன்னொரு தடவ பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

இன்று சொல்லிவிட்டார். வெறும் செருப்புதான். தொற்று எப்போதோ வந்து சத்தமில்லாமல் போயிருக்கிறது. குழந்தை இப்போது அம்மா மார்மேல் தூங்குகிறாள். இந்த வெற்றி முழுக்க என் முழக்கத்தால் வந்தது என்பதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. கரையிறங்கியதும் நேராக என்னிடம் வாருங்கள், குழந்தையை என் கையாலேயே தருவேன். கடலும் காற்றும் உங்களுக்கு அடங்கி நடக்கட்டும்.

ஆசிகளுடன்,
மாமன்

பின்குறிப்பு (உறையின் வெளிப்பக்கத்தில்): மாப்பிள்ளை, இதைப் பிரிக்க வேண்டாம். துணைக்கு இருந்தவர்களுக்கும் குச்சி விட்டார்கள். உறையை நாக்கால் நனைத்து ஒட்டிய கையோடு என் முடிவு வந்தது. எனக்குத் தும்மல்கூட இல்லையே என்றேன். "ஆளா செருப்பான்னு நாளன்னிக்குப் பாப்போம், பெரியவரே" என்கிறார் டாக்டரம்மா. நல்லவேளை, குழந்தையை நான் இன்னும் தொடவில்லை. உள்ளே எழுதியதன் சுருக்கம்: பெண் குழந்தை, இருவரும் நலம். கண்ணாடிக்குள் இருப்பது நான். வெளியே உங்கள் மனைவி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "சும்மா உக்காருங்க மாமா" என்கிறாள்.