மேஜர் போன பாதயாத்திரை

பூதலூரில் பாவமே செய்யாமல் வாராவாரம் பாவசங்கீர்த்தனம் செய்துவந்த ஒரே ஆத்மா, நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் மேஜர்தான். பட்டாளத்தில் அவர் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மேஜர் பதவி எங்கள் தெரு கொடுத்தது. மறுத்து மறுத்து ஓய்ந்துபோனவர், சனிக்கிழமைதோறும் பங்குச்சாமியாரிடம் போய் முழங்காலிட்டு, அந்தப் பட்டத்தையே பாவமாகச் சொல்லுவார். "இந்த வாரம் பதினோரு பேர் மேஜர்னு கூப்பிட்டாங்க சாமி. ரெண்டு பேரைத் திருத்தாம விட்டுட்டேன்." இதைச் சாமியார் வெளியே சொல்லவில்லை. மேஜரே திரும்பி வரும்போது டீக்கடையில் சொல்லிவிடுவார்.

அவர் வீட்டு மாடியில் நான் ஒன்பது வருஷம் குடியிருந்தேன். தாலுகா ஆபீஸில் எழுத்தர் வேலை. கீழே மேஜர், அவர் மனைவி டீச்சரம்மா, மூன்று பெண்கள், ஒரு பையன். மாலை ஏழு மணிக்கு "ஃபால் இன்" என்று குரல் வரும். அது ஜெபமாலைக்கான அழைப்பு. பிள்ளைகள் உயர வரிசையில் நிற்க வேண்டும். அடுப்பில் குழம்பு கொதித்தாலும் விலக்கு கிடையாது. மூத்தவளைப் பெண் பார்க்க வந்த கும்பகோணத்துக் குடும்பம் ஏழு மணி ஆனதும் வரிசையில் நின்றது. மாப்பிள்ளையின் மாமா நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டார். மேஜர் அவர் தோளைத் தட்டி, "டூட்டியில தூங்கக் கூடாதுங்க" என்றார். அந்தக் கல்யாணம் நடந்ததே மாதாவின் அற்புதம் என்று டீச்சரம்மா சொல்வார்.

இவ்வளவு விறைப்பான மனிதர்தான் மூன்று பெண்களுக்கும் காலேஜ் போகிறவரை ஜடை பின்னிவிட்டவர். வகிடு பட்டாலியன் அணிவகுப்பு மாதிரி நேராக இருக்கும்.

என் மகள் ஏழாம் மாதமே பிறந்துவிட்டாள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். மேஜர் தினமும் காலை பாசஞ்சரில் தூக்குச்சட்டியோடு வந்து இறங்குவார். ஒரு நாள் டாக்டர், "எங்களால முடிஞ்சதைச் செய்றோம்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார். நான் வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மேஜர் வாட்ச்மேனிடம் போய், "கிழக்கு எதுங்க?" என்று கேட்டார். அவர் காட்டிய பக்கம் திரும்பி அட்டென்ஷனில் நின்றார்.

"மாதாவே, இந்தப் புள்ள பொழைச்சு வீட்டுக்கு வந்தா, பூதலூர்லேருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே வர்றேன்."

பரேடு மைதானத்துக் குரல். வார்டு முழுக்கக் கேட்டது. நாற்பத்தோரு நாள் கழித்து மகள் வீட்டுக்கு வந்தாள்.

மேஜர் பையை எடுத்துக் கட்ட ஆரம்பித்தார். பட்டாளத்தில் லாரி கவிழ்ந்து அடிபட்ட வலது முட்டி அவருடையது. "நூறு கிலோமீட்டருக்கு மேல தொடர்ந்து நடந்தா, அப்புறம் கட்டிலோட இருக்க வேண்டியதுதான்" என்று எலும்பு டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். என் பிள்ளைக்காக அந்த மனிதரின் கால் போகப்போகிறது. மாடியிலிருந்து இறங்கி அவரிடம் போனேன்.

"சார், நான் நடக்கிறேன். என் பொண்ணுக்குத்தானே வேண்டிக்கிட்டீங்க" என்றேன்.

"சென்ட்ரிக்குப் பதிலா வேற ஆள் நிக்கலாம் தம்பி. வாக்குக் குடுத்தவனுக்குப் பதிலா நிக்க முடியாது."

கடைசிப் பெண் அவர் செருப்பை ஒளித்துவைத்தாள். "பாதயாத்திரைக்குச் செருப்பு எதுக்கு?" என்று கேட்டுவிட்டார்.

டீச்சரம்மா நேரே பங்குச்சாமியாரிடம் போனார். பொருத்தனையை, அதாவது நேர்ந்துகொண்டதை, மாற்றிக் கொடுக்கச் சாமியாருக்கு அதிகாரம் உண்டாம். அவர் வீட்டுக்கே வந்து, "மேஜர், நம்ம கோயிலை மூணு சுத்து சுத்துங்க, போதும்" என்றார்.

"ஹவில்தார், சாமி" என்று திருத்தினார் மேஜர். பிறகு, "எழுத்துல குடுங்க" என்றார்.

எழுத்து என்றதும் சாமியார் மாடியேறி என்னிடம் வந்தார். தாலுகா ஆபீஸ்காரன் இருக்கும்போது வேறு யார் எழுதுவது? நானும் பெருமையோடு எழுதினேன். 'மேற்படியார் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வதற்கு மாற்றாக, நம் பங்குக் கோயிலைச் சுற்றி நடந்து தமது பொருத்தனையை நிறைவேற்றிக்கொள்ள இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறது.' கையெழுத்து, கோயில் முத்திரை எல்லாம் ஆயிற்று. மேஜர் கண்ணாடி போட்டு மூன்று முறை படித்தார். காகிதத்துக்கு ஒரு சல்யூட் வைத்தார். டீச்சரம்மா நிம்மதியாகக் காபி போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் மாலை பார்த்தால், மேஜர், கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளையை ஒரு முனையில் பிடிக்கச் சொல்லி நாடாவால் கோயிலைச் சுற்றி அளந்துகொண்டிருந்தார்.

"எதுக்கு சார் அளவு?"

"எத்தனை சுத்துன்னு உத்தரவுல இல்லையே தம்பி. இடம்தான் மாறியிருக்கு. தூரம் பழைய தூரம்தான்."

எத்தனையோ பட்டாவைக் கமா பிசகாமல் எழுதியவன் நான். 'மூன்று' என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டேன். டீச்சரம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மேஜர் பங்குக் கோயிலைச் சுற்றி வேளாங்கண்ணிக்கு நடக்க ஆரம்பித்தார். முட்டி தாங்குகிற அளவு, நாளுக்குக் கொஞ்சம். எட்டாம் நாள் தஞ்சாவூர் வந்தது. அப்புறம் சாலியமங்கலம். தெருவே இதில் இறங்கிவிட்டது. பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "மேஜர், எங்க இருக்கீங்க?" என்பார். "அம்மாப்பேட்டை தாண்டியாச்சு" என்று பதில் வரும். ஒரு நாள் அவருடைய கடைசிப் பெண் சொம்பில் காபி கொண்டுபோனாள். "நான் நீடாமங்கலத்துல இருக்கேன். பூதலூர் காபி இங்க எப்படிம்மா வரும்?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். டீக்கடை பாய்க்குச் சொந்த ஊர் கூத்தாநல்லூர். "கொரடாச்சேரி வந்ததும் சொல்லுங்க, எங்க ஊரு அங்கேர்ந்து கிட்டத்தான்" என்று சொல்லிவைத்திருந்தார். கொரடாச்சேரி வந்த அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு, நன்னாரி சர்பத்தோடு கோயில் வாசலில் நின்றார். மேஜர் அதை மட்டும் மறுக்கவில்லை.

கீழ்வேளூரில் முட்டி வீங்கிவிட்டது. கட்டிலில் படுத்தவர், பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "கீழ்வேளூர்ல அட்மிட் ஆகியிருக்கேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாரும் போனபின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சார், சாமியார்கிட்ட திருத்தின உத்தரவு வாங்கிட்டு வர்றேன். மூணு சுத்துன்னு தெளிவா எழுதிடுறேன். போதும் சார்."

மேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கண்ணாடிப் பெட்டியில நாப்பத்தோரு நாள் மூச்சை இழுத்து இழுத்து விட்டுச்சே, அந்தப் புள்ள ஒரு நாளாவது போதும்னுச்சா தம்பி?"

நான் மாடிக்குப் போய் அழுதேன். சொல்வதில் வெட்கம் என்ன இருக்கிறது?

வீக்கம் வடிந்ததும் நாகப்பட்டினம் கடந்தார். கடைசி நாள் தெருவே கோயிலில் இருந்தது. கடைசிச் சுற்றுக்கு என் மகளை வாங்கி இடது தோளில் போட்டுக்கொண்டார். வலது கையை என் தோளில் ஊன்றிக்கொண்டார். அவர் உடம்பின் பாரம் முழுக்க என்மேல் இருந்தது. வாசலுக்கு வந்ததும் முழங்காலிடப் பார்த்தார். முட்டி மடங்கவில்லை. இடுப்பைப் பிடித்து நான் தாங்கிக்கொண்டேன். "வந்துட்டோம்மா" என்றார் மாதாவிடம். மகள் அவர் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு அவர் கைத்தடி இல்லாமல் நடந்ததில்லை. யாராவது கேட்டால், வயசாச்சு என்பார். காரணத்தை ஒரு நாளும் என் மகள் காதில் விழவிட்டதில்லை.

போன மாதம் மேஜர் காலமானார். இப்போது காலேஜ் படிக்கும் என் மகளோடு போயிருந்தேன். கல்லறையில் மண் போடக் குடும்பத்தாரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். புதிதாக வந்திருந்த பங்குச்சாமியாருக்கு என்னைத் தெரியாது.

"நீங்க அவருக்கு என்ன வேணுங்க?" என்று கேட்டார்.

"மாடியில குடியிருந்தவன்" என்றேன்.

தப்பாகச் சொல்லிவிட்டேன். மகன் என்று சொல்லியிருக்க வேண்டும்.