மூலை வெட்டிய பாஸ்போர்ட்

இருபத்தேழு வருஷமாக நான் ஒரே ஒரு விஷயத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி ஒரு தப்புப் பண்ணவேண்டும். பெரிய தப்புகூட வேண்டாம். பாலை அடுப்பில் வைத்து மறந்தால் போதும். குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தால் போதும். அவள் மறக்கவும் இல்லை, விடவும் இல்லை. குடையை விட்டவன் நான். அதுவும் அவளுடைய குடை.

கடைசியில் அந்தத் தப்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சாப்பாட்டு மேஜைமேல், என் தட்டுக்குப் பக்கத்திலேயே விரித்தபடி கிடந்தது. அவளுடைய பாஸ்போர்ட்.

தேதி என்று ஒன்று கண்ணில் பட்டால் என்னால் படிக்காமல் இருக்க முடியாது. அது என் பிழைப்பு. மருந்துக் கடையில் பதினெட்டு வருஷமாகக் காலாவதித் தேதி பார்க்கிறேன். அலமாரி அலமாரியாகப் போய், நாள் முடியப்போகிற மாத்திரை அட்டைகளைப் பொறுக்கித் தனியே வைப்பது என் வேலை. வீட்டில் பற்பசையைக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பிதுக்குவேன். பாஸ்போர்ட்டையும் பார்த்தேன். முடிய இன்னும் நாலே மாதம்.

விஷயம் சாதாரணமானதல்ல. எங்கள் ஒரே மகள் வெளிநாட்டில் டாக்டர் பட்டத்துக்குப் படித்து முடித்துவிட்டாள். ஒன்பது வாரத்தில் பட்டமளிப்பு விழா. "அப்பா, முன்வரிசையில உங்க ரெண்டு பேருக்கும் சீட் வாங்கிட்டேன்" என்று போனில் சொன்னாள். அவள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய ஒவ்வொரு தடவையும் நான் கடையில் இருந்தேன். ஒரு தடவைகூட அவளுக்குக் கைதட்டியதில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. இந்தத் தடவை கை சிவக்கத் தட்டுவது என்று முடிவு பண்ணியிருந்தேன். அதற்கு விசா வேண்டும். விசா வேண்டுமானால், திரும்பி வருகிற தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் உயிரோடு இருக்கிற பாஸ்போர்ட் வேண்டும்.

இந்த ஆறு மாதச் சங்கதியை எனக்குச் சொன்னதே அவள்தான். மூன்று மாதம் முன்னால்.

"ஏங்க, பாஸ்போர்ட்டை எல்லாம் ஒரு தடவை எடுத்துப் பாத்துடலாமா? விசாவுக்கு ஆறு மாசம் மிச்சம் இருக்கணுமாம்."

"இங்க பாரு. இந்தப் பயணத்துல டிக்கெட்டை நீ பாத்துக்கோ. பேப்பர் வேலை முழுக்க என் பொறுப்பு. நீ தலையிடாதே."

"தலையிடலை. தேதியைப் பாருங்கன்னேன்."

"யாரைப் பாத்துத் தேதியைப் பாருன்னு சொல்றே? மீன் குஞ்சுக்கு நீச்சல் கத்துக் குடுக்கறியா?"

"சரிங்க. மீன் பாத்துக்கட்டும்."

ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை ஆரம்பித்தாள். அப்போதும் நான் மீனைத்தான் சொன்னேன். அதோடு விட்டுவிட்டாள்.

அவள் நூலகத்தில் வேலை பார்க்கிறாள். தேதிதான் அவளுக்கும் பிழைப்பு. ஆனால் நான் தேதி முடிந்ததைத் தூக்கிப் போடுகிறவன். அவள் தேதி முடிவதற்கு முன்பே ஆளுக்கு போன் போட்டு, "புத்தகம் வெள்ளிக்கிழமை வரணுங்க" என்று இனிமையாகச் சொல்லி, வியாழக்கிழமையே வாங்கிவிடுகிறவள். அப்பேர்ப்பட்டவள் தன் தேதியைக் கோட்டை விட்டுவிட்டாள்! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. போதாததற்கு, பாஸ்போர்ட் அட்டையின் மூலை வேறு நறுக்கினாற்போல் போயிருந்தது. பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை என்று அதையும் இரண்டாவது தப்பாகச் சேர்த்துக்கொண்டு, பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

உடனே சொல்லிக் காட்டியிருக்கலாம். சொல்லவில்லை. இருபத்தேழு வருஷப் பசி. அவசரமாகத் தின்றால் விக்கும். என் திட்டம் இதுதான். யாருக்கும் தெரியாமல் நானே பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போய், அவசரமாகப் புதுப்பிக்க என்ன வழி என்று கேட்டு, படிவத்தை வாங்கி வந்து, அவள் முன்னால் வைத்து, "பரவாயில்லம்மா. மறதி யாருக்கும் வரும்" என்று சொல்வது. அந்தப் 'பரவாயில்லம்மா'வில்தான் விஷயமே இருக்கிறது. குளியலறையில் நின்று அதை நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

சந்தோஷத்தை வைத்துக்கொள்ள முடியாமல் பக்கத்து வீட்டு ஓவிய வாத்தியாரிடம் சொன்னேன்.

"தப்புப் பண்ணிட்டாங்களா? உங்க வீட்டம்மாவா?"

"மெதுவாப் பேசுங்க சார்."

"நல்லாப் பாத்தீங்களா? வேற யாரோட பாஸ்போர்ட்டாவது இருக்கப் போவுது."

"போட்டோ இருக்கே சார். அதே முறைப்பு."

"அப்போ சரி. நீங்க ரெண்டு பேரும் பாஸ்போர்ட் எப்ப எடுத்தீங்க?"

"ஒரே நாள்ல. ஒரே வரிசையில. அவ முன்னாடி, நான் பின்னாடி."

"அப்போ உங்களோடது?"

"என்னோடதுக்கு என்ன சார்? பேச்சை மாத்தாதீங்க. அந்த ஆபீஸ் எந்தப் பக்கம், அதைச் சொல்லுங்க."

ஒரே பேட்சில் வந்த மருந்து ஒரே நாளில்தான் காலாவதியாகும். கடையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுப்பவன் நான். ஆனால் அன்றைக்கு என் மண்டைக்குள் 'பரவாயில்லம்மா' தவிர வேறு எதற்கும் இடம் இல்லை.

வெள்ளிக்கிழமை அவள், "விசாவுக்குத் தேதி பாக்கணும். திங்கக்கிழமைக்குள்ள பேப்பர் எல்லாம் சரியா இருக்கான்னு பாத்து வச்சிடுங்க" என்றாள். சனி, ஞாயிறு ஆபீஸ் பூட்டியிருக்கும். ஆகவே திங்கட்கிழமை போவது என்று நானே சுயமாக முடிவெடுத்தேன். கடைக்கு லீவு சொன்னேன். வீட்டில் என்ன பொய் சொல்வது என்றுதான் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து வாயைத் திறந்தேன், மூடினேன்.

"நாளைக்கு உங்க கடையில ஸ்டாக் எடுக்கிற நாள்தானே?" என்றாள்.

"ஆமா! ஸ்டாக்! அதேதான். நாள் முழுக்க ஆகும்."

"அப்போ வெளியில போய்ச் சாப்பிட நேரம் இருக்காது. சாப்பாடு கட்டித் தரேன். பத்தரைக்குள்ள அங்க இருக்கணும்ல?"

"பத்தரையா? ஆமா, பத்தரைதான்."

"நல்லா ஷேவ் பண்ணிக்குங்க. வெள்ளைச் சட்டை வேணாம், நீலத்தைப் போட்டுக்குங்க."

"ஸ்டாக் எடுக்கிறதுக்கு நீலச் சட்டை எதுக்கு?"

"அழுக்குத் தெரியாதுல்ல."

பொய்யைக்கூட அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். பாவம், இவ்வளவு வெகுளியாக இருக்கிறாளே என்று எனக்குக் கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது.

மறுநாள் நீலச் சட்டை, மழமழத்த முகம், கையில் சாப்பாட்டுப் பை. பாஸ்போர்ட் ஆபீசில் இரும்பு நாற்காலிகள் முழுக்கச் சனம். மூன்றாம் நம்பர் ஜன்னலில், கண்ணாடியைச் சங்கிலி போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு அம்மா. பாஸ்போர்ட்டை நீட்டினேன்.

"என் மனைவியோடது மேடம். நாலு மாசத்துல முடியுது. பாவம், கவனிக்கலை. அவசரமாப் புதுப்பிக்கணும்."

அந்த அம்மா அதைப் பிரிக்கக்கூட இல்லை. மூலையைக் கட்டைவிரலால் தடவினார்.

"இது ரத்தானது சார். புதுசு குடுத்துட்டு, பழசை மூலை வெட்டித் திருப்பிக் குடுத்திருக்கோம். முதல் பக்கத்துல முத்திரை இருக்கே, பாக்கலையா?"

பார்க்கவில்லை. மருந்துக் கடைக்காரன் கண்ணுக்குத் தேதி மட்டும்தான் தெரியும்.

"புதுசு... எப்ப குடுத்தீங்க?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு முத்திரையில் இருந்த தேதியைப் பார்த்தார். "போன மாசம். தபால்ல வீட்டுக்கே வந்திருக்கும்." பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். "உங்களோடது எப்ப சார் முடியுது?"

"என்னோடதா?" என்று சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. ஒரே நாள். ஒரே வரிசை. அவள் முன்னாடி, நான் பின்னாடி. ஒரே பேட்ச்!

"மேடம், என்னோடதையும் புதுப்பிக்கணும். இன்னிக்கே."

"முன்பதிவு இருக்கா?"

"இல்லையே."

"அப்போ முடியாது சார். இனிமே அஞ்சு வாரம் கழிச்சுத்தான் தேதி காலி இருக்கு."

அஞ்சு வாரம் கழித்துத் தேதி, அப்புறம் பாஸ்போர்ட், அதற்கப்புறம் விசா. விழா முடிந்து நாற்காலியை எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். மகள் மேடையேறித் திரும்பிப் பார்ப்பாள். முன்வரிசையில் அம்மா இருப்பாள். பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும். எப்போதும்போல அப்பா வரவில்லை என்று நினைத்துக்கொள்வாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இரும்பு நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தேன். தண்ணீர் குடிக்கலாம் என்று சாப்பாட்டுப் பையைத் திறந்தேன்.

டப்பாவுக்கு அடியில் ஒரு பழுப்பு உறை. மேலே அவள் கையெழுத்தில் 'ஸ்டாக்' என்று எழுதியிருந்தது.

பிரித்தேன். என் பாஸ்போர்ட். என் பெயரில் நிரப்பிய விண்ணப்பம். நான் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் எல்லாம் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி. ஒரு முன்பதிவுச் சீட்டு. தேதி, இன்றைய தேதி. நேரம், பதினொன்று பத்து. ஜன்னல், மூன்று. சுவரில் கடிகாரம் பார்த்தேன். பத்து ஐம்பத்தைந்து. மடமடவென்று பெருக்கல் குறியெல்லாம் கையெழுத்தாக மாறியது.

"முன்பதிவு?" என்றார் அந்த அம்மா.

"இருக்கு மேடம்."

"இப்பதானே இல்லேன்னீங்க?"

"அப்போ எனக்குத் தெரியாது."

"விலாசத்துக்கு அத்தாட்சி?"

உறைக்குள் கை விட்டேன். இருந்தது.

"பழைய பாஸ்போர்ட் முதல் பக்கம், கடைசிப் பக்கம், நகல்?"

இருந்தது.

"கையெழுத்துப் போட்ட நகலா இருக்கணும்."

பென்சில் குறி இருந்தது. போட்டேன்.

"போட்டோ இங்கயே எடுத்துடுவோம். வெள்ளைச் சட்டைன்னா பின்னாடி சுவரோட கலந்துடும். நல்லவேளை, நீலம் போட்டு வந்திருக்கீங்க."

நான் நீலக் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டேன்.

அந்த அம்மா விண்ணப்பத்தை முன்னும் பின்னும் திருப்பினார். குற்றம் கண்டுபிடிக்க முடியாத ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. பிறகு நாலாம் நம்பர் ஜன்னல்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்க, ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை." என்னிடம் திரும்பி, "யார் சார் தயார் பண்ணது?" என்றார்.

"அதான் மேடம், பாவம்னு சொன்னேனே. அவங்கதான்."

"அவங்களைக் கும்பிட்டு வச்சுக்கங்க சார். பத்து நாள்ல பாஸ்போர்ட் வீட்டுக்கு வந்துடும்."

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பாட்டைச் சாப்பிட்டேன். கோபம் வருமா என்று பார்த்தேன். வரவில்லை. வியப்புதான் வந்தது. இரண்டு தடவை நேராகச் சொன்னாள், கேட்கவில்லை. மூன்றாவது தடவை சொல்லியிருந்தாலும் மீனைத்தான் காட்டியிருப்பேன். அவள் தன் வேலையைச் சத்தமில்லாமல் முடித்துக்கொண்டு, செத்துப்போன பாஸ்போர்ட்டை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மீனுக்குத் தூண்டில் போடுவது எப்படி என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இப்படிப்பட்ட மூளையை வைத்துக்கொண்டு நூலகத்தில் முத்திரை குத்திக்கொண்டிருக்கிறாளே, ஒரு நாட்டையே கொடுக்கலாமே என்று தோன்றியது. எனக்கு வாய்த்தது என் அதிர்ஷ்டம்.

சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினாள்.

"ஸ்டாக் எல்லாம் சரியா இருந்துச்சா?"

"ஒண்ணுகூடக் குறையலை" என்று மூலை வெட்டிய பாஸ்போர்ட்டை அவள் முன்னால் வைத்தேன். "ஏம்மா, நேராச் சொல்லியிருக்கலாமே?"

"உங்க தப்புன்னா பாக்க மாட்டீங்க. என் தப்புன்னா ஓடிப்போய்ப் பாப்பீங்க."

"நான் ஆபீசுக்குப் போவேன்னு எப்படித் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமையிலேருந்து குளியலறையில 'பரவாயில்லம்மா'ன்னு பேசிக்கிட்டே இருந்தீங்களே. வெளியில நல்லாக் கேட்டுது. மூணாவது விதம் நல்லா இருந்துச்சு."

தலையைக் குனிந்துகொண்டேன். உண்மையிலேயே மனசு இளகிப்போயிருந்தது. இத்தனையும் எதற்குச் செய்தாள்? என்னை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல்தானே? அதை அவள் வாயாலேயே ஒரு தடவை கேட்டுவிட ஆசைப்பட்டேன்.

"ஒருவேளை நான் இன்னிக்குப் போகாமலே இருந்திருந்தா? நான் இல்லாம நீ மட்டும் எப்படிம்மா கிளம்பியிருப்பே?"

அவள் என்னைக் கனிவாகப் பார்த்தாள்.

"அதை டிக்கெட் வாங்கறப்பவே யோசிச்சுட்டேங்க" என்றாள். "ரத்து பண்ணினா முழுப் பணமும் திரும்பி வர்ற டிக்கெட், உங்களுக்கு மட்டும்தான் வாங்கியிருக்கேன்."