மாப்பிள்ளை இல்லாமல் வந்த ஜீப்பு

“இனிமேல் கேட்பவர் எவருக்கும் இல்லை என்று சொல்லமாட்டேன். சீடனாக வாழ என்ன விலை ஆனாலும் கொடுப்பேன்.”

நிச்சயதார்த்தத்துக்கு முந்திய ஞாயிறு, உபவாசக் கூட்டத்தில் அழுது முடித்த கையோடு ஸ்டெல்லாவுக்கு நான் எழுதிய கடிதம் இது. தேதி, கிழமை, மணி எல்லாம் போட்டிருக்கிறேன். (புத்தியைத்தான் காணோம்.)

ஸ்டெல்லாவின் அப்பாவுக்கு, அதாவது மாமாவுக்கு, போடியில் ஏலக்காய்க் கடை. “பையனுக்குப் பக்தி ஜாஸ்தி, பொறுப்பு கம்மி” என்று முதலிலிருந்தே இழுத்துக்கொண்டிருந்தவர். “நிச்சயதார்த்தம் அஞ்சு மணின்னா அஞ்சு மணி. இல்லைன்னா இந்தப் பேச்சே வேண்டாம்” என்று சொல்லி வைத்திருந்தார். நானோ, பூப்பாறையிலிருந்து பாஸ்டர் ஐயாவை நானே அழைத்து வருவேன் என்று அடம்பிடித்து, பட்டு வேட்டியோடு ஜீப்பில் மலையேறியிருந்தேன்.

திரும்பும்போது எஸ்டேட்டில் வேலை விடுகிற நேரம். வழியெல்லாம் கை காட்டினார்கள்.

“நிறுத்துங்கண்ணே.”

“மாப்ளே, இது நிச்சயதார்த்த வண்டியா, லோடு வண்டியா? வெரசா போகணும்ல?” என்றார் டிரைவர் பாண்டி அண்ணன்.

“கேக்குறவுகளுக்கு எப்படிண்ணே இல்லைன்னு சொல்றது?”

போடிமெட்டு தாண்டுவதற்குள் பின்பக்கம் நிரம்பி வழிந்தது. பாஸ்டர் ஐயாவின் மடியில் யாரோ ஒருவரின் பிள்ளை. தோளில் யாரோ ஒருவரின் தூக்குவாளி. நான் முன்சீட்டில், வேட்டி கசங்காமல், புல்லரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வளைவில் மூட்டையோடு ஒரு பெரியவர் கை காட்டினார்.

“ஏறுங்கய்யா!” என்றேன்.

பின்னாலிருந்து பாஸ்டர் ஐயாவின் குரல் நசுங்கி வந்தது. “தம்பி, இதுவரைக்கும் நீங்க குடுத்ததெல்லாம் என் இடம்.”

சுருக்கென்றது. இறங்கினேன். பெரியவர் என் சீட்டில் அமர்ந்தார். “ஐயாவைக் கூட்டிட்டுப் போங்கண்ணே, நான் அடுத்த வண்டில வந்துர்றேன்” என்றேன். ஜீப்பு போய்விட்டது. செல்போனில் டவர் இல்லை.

போடியில் மண்டப வாசலில் ஜீப்பு நின்றதும் மேளம் கொட்டியதாம். ஆள்மேல் ஆளாக இறங்கினார்கள், மாப்பிள்ளை இறங்கவில்லை. “பையன் ஓடிட்டானா?” என்று மாமா கேட்டது தெருமுனை வரை கேட்டதாம்.

காலி உரச்சாக்கு ஏற்றிய லாரியில் நான் வந்து சேர்ந்தபோது இருட்டியிருந்தது. உறவினர்கள் மூக்கைப் பொத்தினார்கள். மாமா வாய் திறப்பதற்குள் ஸ்டெல்லா என் கடிதத்தை அவர் கையில் கொடுத்தாள். “சொன்னதத்தானேப்பா செஞ்சிருக்காக.” பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, “அப்ப நான் எது கேட்டாலும் இல்லைன்னு சொல்ல மாட்டீகள்ல?”

மோதிரம் மாற்றினோம். அந்தக் கடிதத்தை அவள் லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கிறாள். தேவைப்படும்போதெல்லாம் வெளியே வரும். இன்றும் நான் வண்டிச் சாவியை எடுத்தால் பிள்ளைகள், “அப்பா, போடி வரைக்கும் நீங்க இருப்பீங்களா?” என்று கேட்கிறார்கள்.

அந்தப் பெரியவர் அடுத்த வளைவிலேயே இறங்கிவிட்டார் என்று பாண்டி அண்ணன் இன்றுவரை சொல்கிறார். பாஸ்டர் ஐயாவோ அந்த நேரம் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாராம். வேறு சாட்சி கிடைக்கவில்லை. எனவே, இத்தகவல் உறுதி செய்யப்படாதது.