உங்கள் தங்கையின் தூக்கத்தை நான் தூங்குகிறேன்

மல்காஜ்கிரி, ஹைதராபாத்
28 ஆகஸ்ட் 2007

பெருமதிப்புக்குரிய பெரிய மச்சான் ராஜகோபால் அவர்களுக்கு, தங்கை மாப்பிள்ளை தண்டபாணி பணிவுடன் எழுதிக்கொள்வது. மருதமலையான் புண்ணியத்தில் இங்கே உங்கள் தங்கை சகுந்தலா நலம், பிள்ளைகள் கோபியும் சுபாஸ்ரீயும் நலம். என்னைப் பற்றி அப்படி எழுத முடியாததால்தான் இந்தக் கடிதம். உங்கள் சர்க்கரையும் அக்காவின் மூட்டுவலியும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சுபாவுக்காகக் கோவை இன்ஜினியரிங் காலேஜில் நீங்கள் சொல்லி வைத்திருக்கும் சீட்டை வெள்ளிக்கிழமை வரை யாருக்கும் விட்டுவிடாதீர்கள். அவளை இந்தப் படிப்பிலிருந்து மீட்டாக வேண்டும். ஹெல்த் அண்ட் சொசைட்டி என்று மூன்று வருஷ டிகிரி, அதில் பாதி டாக்டராகவாவது வருவாள் என்று நினைத்துத்தான் சேர்த்தேன். விசாரித்தால் அதில் கொஞ்சம் வைத்தியம், கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் பொருளாதாரம், மீதி தெருத்தெருவாகப் போய்க் கேள்வி கேட்பது. முப்பது வருஷம் பம்பு செட் விற்றவன் நான், என்ன சரக்கு என்று ஒரே வரியில் சொல்ல முடியாத சரக்கை இப்போதுதான் பார்க்கிறேன். "ஊசி போடுவியா சாமி?" என்றேன். "லேது நானா" என்றாள், இல்லையப்பா என்று. நாம் தமிழில் கேட்டால் அவளுக்குத் தெலுங்கில்தான் பதில் வரும். "மாத்திரையாச்சும் எழுதுவியா?" அதுவும் லேது. காய்ச்சல் வந்தவனுக்கு அது ஏன் வந்தது, அவன் வீடு எப்படி, வேலை எப்படி என்று கேட்பார்களாம். அதற்குள் காய்ச்சலே சலித்துப்போய் இறங்கிவிடும்.

இதில் முதல் பாடமே என் தலையில் விடிந்தது. வீட்டில் இரண்டு பேர் ஒரு வாரத்துக்குத் தூக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமாம். அவர் படுக்கும் இடத்தில் இவர் படுக்க வேண்டும், அவர் எழும்போது இவர் எழ வேண்டும், எதற்காக அவர் எழுந்தாரோ அந்த வேலையை இவர் செய்ய வேண்டும். நானும் சகுந்தலாவும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சுபாவே தீர்மானித்துவிட்டாள். "ஒக்க வாரமே கதா நானா!" என்று கெஞ்சினாள். ஒரு வாரம்தானே, அதுவும் தூங்குகிற வேலைதானே என்று ஏமாந்தேன்.

மச்சான், உங்கள் தங்கை தூங்குவதற்குப் பெயர் தூக்கமே இல்லை. வாசல் கதவுக்குப் பக்கத்தில் பாய், தலைமாட்டில் சாவி. கண் மூடினால் கோபியின் கம்பெனி கார் வந்து ஹாரன் அடிக்கிறது. ராத்திரியில் அமெரிக்காக்காரனுக்கு வேலை பார்த்துவிட்டு வருகிற பிள்ளைக்குச் சுடச்சுடத் தோசை வேண்டும். அவன் படுத்ததும் குழாயில் தண்ணீர் வருகிறது, பிடிக்காவிட்டால் அன்றைக்குக் குளியல் இல்லை. தண்ணீர் நின்றால் பால்காரன். பகலில் கோபி தூங்குகிறான், அதனால் குக்கர் விசில் கூடாது, சோற்றைப் பானையில் வடிக்க வேண்டும், காய்கறி வண்டிக்காரன் கூவுவதற்குள் கேட்டுக்கு ஓடி "அரே, சில்லானா நக்கோ பாய்!" என்று, கத்தாதே அப்பா என்று கும்பிட வேண்டும். இத்தனை நாளும் இந்த வீடு தானாகவே நிசப்தமாக இருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இப்படி எழுந்து எழுந்து படுத்ததில் எனக்குப் பகலெல்லாம் மிதக்கிறது. தரை பஞ்சாகிவிட்டது. கோபியின் காப்பியில் உப்பைப் போட்டேன், அவனும் அரைத் தூக்கத்தில் குடித்துவிட்டு நன்றி சொன்னான். சலூன் நாற்காலியில் கண்ணயர்ந்தேன், கடைக்காரர் என்னவோ கேட்டிருக்கிறார், நானும் "ம்" என்றிருக்கிறேன், விழித்துப் பார்த்தால் கல்யாண போட்டோவிலிருந்து கூடவே வந்த மீசையைக் காணோம். பேங்குக்கு என்று பஸ் ஏறி ஹப்சிகுடாவில் இறங்க வேண்டியவன், எங்கேயோ போய், வண்டி மாறியதுகூட நினைவில்லாமல், கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கிற இடத்தில் விழித்தேன். லேசாகத் தூறல். அந்தக் கட்டடங்கள் எல்லாம் நின்றபடியே தூங்குவது போலவும், சகுந்தலா ஒவ்வொரு மாடியாக ஏறி விளக்கை அணைத்துக்கொண்டே வருவது போலவும் தோன்றியது. அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், அவ்வளவு அழகாக இருந்தது. வாட்ச்மேன் வந்து ஐடி கார்டு கேட்டுக் கெடுத்துவிட்டான்.

உங்கள் தங்கையோ என் கட்டிலில், என் ஃபேனுக்கு அடியில், என் மத்தியானத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்குகிறாள். போன வருஷம் அவள் தலைச்சுற்றலுக்காக மாரெட்பள்ளியில் ஒருவர் காதைப் பார்த்தார், இன்னொருவர் கழுத்தைப் படம் எடுத்தார், மூன்றாமவர் டானிக் எழுதினார். இப்போது அந்த டானிக் பாட்டில் எங்கே இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியவில்லை. தலை எனக்குத்தான் சுற்றுகிறது. போன வாரம் தூங்கி எழுந்து வந்தவள், தப்புச் செய்தவள் மாதிரி என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏனுங்க, நானு கனாக் கண்டனுங்க" என்றாள். "என்ன கனா?" என்றேன். "அந்தக் கம்பெனி காரை நாந்தானுங்க ஓட்டிட்டுப் போறேன். உள்ள ஒருத்தருமே இல்லீங்க. ஒரு ஹாரன் அடிக்கோணுமே, ம்ஹூம்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கனவு வந்து எத்தனை வருஷம் ஆயிற்றோ என்றாள். எனக்கு வாய் கோணிக்கொண்டு வந்தது மச்சான், மீசை வேறு இல்லை, மறைக்கவும் முடியவில்லை.

ஆகவே இந்தப் படிப்பு குடும்பத்துக்கு ஆகாது. சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். எல்லோரையும் மருதமலையான் காக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
தண்டபாணி

பின்குறிப்பு: அந்த ஒரு வாரம் ஆடி முடிவதற்குள்ளேயே முடிந்துவிட்டது. சுபா எழுதிக் கொடுத்து மார்க்கும் வாங்கிவிட்டாள். உங்கள் தங்கை அதை ஆறு மாதப் பாடம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். சுபா என்னைப் பார்த்தாள், நான் சுபாவைப் பார்த்தேன், இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. அந்தச் சீட்டை வேறு யாராவது பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். அதற்காக என்னைத் திட்டுவதென்றால் தாராளமாகத் திட்டலாம், ஆனால் மத்தியானத்தில் மட்டும் போன் செய்யாதீர்கள். அவள் தூங்குவாள்.