பீட்டா அண்ணனின் சாயங்கால மெசேஜ்

எந்தப் பொருளும் முழுசாகத் தயாராகும்வரை காத்திருக்க முடியாத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் சிவகாசியில், எங்கள் ஆபீசில், எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தையல்காரர் காஜா எடுப்பதற்கு முன்பே சட்டையைப் பிடுங்கி வந்து ஊக்கு குத்திப் போட்டுக்கொள்வார். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே மாமனார் வீட்டில் சாப்பிட்டு, குழம்பில் உப்பு குறைச்சல் என்று சொல்லிவிட்டு வந்தவர். சாப்ட்வேரிலும் அதே கதைதான். ஊருக்கெல்லாம் விடுவதற்கு முன்னால், சோதித்துப் பார்க்கச் சொல்லி விடுகிற பீட்டா பதிப்பைத்தான் எடுப்பார். பெயரே பீட்டா என்று ஆகிவிட்டது.

லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸுக்கு மேல்மாடிதான் ஆபீஸ். கீழே மிஷின் ஓடினால் எங்கள் தரை குழந்தையைத் தட்டித் தூங்க வைப்பதுபோல் அதிரும். அந்த அதிர்வில் பீட்டா பாதிக் கண்ணை மூடியபடியே வேலை பார்ப்பார். அவருடைய அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் வேலை. அங்குள்ள சட்டமெல்லாம் எங்களுக்கும் உண்டு. உடம்பில் உள்ள கரண்டு இறங்க, கம்பெனிப் பெண்கள் வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். எங்கள் வாசலிலும் ஒன்றைப் பீட்டா அடித்து வைத்திருந்தார். அது எந்தக் கம்பியோடும் சேரவில்லை. ஆனாலும் தொட்டாக வேண்டும். ரூமுக்கு நாலு பேருக்கு மேல் கூடாது என்பது அடுத்த சட்டம்.

அப்போது அந்தக் கம்பெனிக்கே ஒரு ஆப் செய்துகொண்டிருந்தோம். வேலை முடிந்து கேட்டில் உள்ள ரேகை மிஷினில் விரல் வைத்ததும், 'வெளியே வந்தாச்சு' என்று வீட்டுக்கு மெசேஜ் போக வேண்டும். தூரத்தில் எங்கேயாவது டமார் என்றால் வயிற்றைப் பிடித்துக்கொள்கிற வீடுகளுக்கு அது பெரிய விஷயம். வம்பு என்னவென்றால், போன் தூங்கினால் மெசேஜும் தூங்கியது. அம்மா வீடு வந்து, குளித்து, உலை வைத்த பிறகு, அம்மா வெளியே வந்தாச்சு என்று பீட்டாவுக்குச் செய்தி வரும். போனை எழுப்பிச் சொல்கிற வித்தை ஒரு லைப்ரரியின் பீட்டா பதிப்பில்தான் இருந்தது. லைப்ரரி என்றால் அடுத்தவர்கள் எழுதி வைத்த ரெடிமேட் துண்டு. விடுவாரா மனுஷர்? கம்பெனி மேனேஜர் ஆப்பைப் பார்க்க வருகிற அன்றைக்கே அதை ஏற்றிவிட்டார்.

பில்டு படுத்துவிட்டது. அதாவது, எழுதியதையெல்லாம் சேர்த்து ஆப்பாகக் கட்டித் தர வேண்டிய மிஷின், முடியாது என்று சிவப்பாக ஒரு முழம் எழுதிக் காட்டியது.

"பழசையே போட்டுக் காட்டுலே" என்று கத்தினார் எங்கள் முதலாளி அண்ணாச்சி.

"பழசு வேண்டாம் அண்ணாச்சி. அது சோறு பொங்குன பெறகுதான் சொல்லுது."

அதற்குள் மேனேஜரே கணக்குப்பிள்ளையோடு வந்துவிட்டார். "இன்னைக்கு ஷிப்டு விடும்போது மெசேஜ் டயத்துக்கு வரணும். வரலைன்னா இந்த ஆப்பே எங்களுக்கு வேண்டாம்" என்றார்.

பீட்டா தலைகளை எண்ணினார். "அஞ்சு பேரு இருக்கோம். அண்ணாச்சி, செத்த நேரம் வெளிய நில்லுங்க."

சொந்த ஆபீசை விட்டு அண்ணாச்சி மாடிப்படிக்குப் போனார்.

பீட்டா சிவப்பு எழுத்தை வருடுவதுபோல் வாசித்தார். பதிப்பை இறக்கினார், மறுபடி ஏற்றினார். அதே பாட்டு. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். ஜன்னல் வெயிலில் காகிதத் தூசி பொன்னாக மிதந்தது. கீழே மிஷின் தாலாட்டியது. தூங்கிவிட்டாரோ என்று நான் குனிந்து பார்த்தேன்.

"ஏலே, பழைய லைப்ரரி இன்னும் உள்ளதான் கெடக்கு" என்றார் கண்ணைத் திறக்காமலே. "வேற ஒரு துண்டு அதையும் கூட இழுத்துட்டு வந்துருக்கு. பழசும் புதுசும் முட்டிக்கிடுது. நேத்து கலந்த மருந்தோட இன்னைக்குள்ளதைச் சேக்கக் கூடாதுன்னு அம்மா தெனம் சொல்லுவாக. எனக்குத்தான் ஒறைக்கலை."

அந்தத் துண்டையும் புதுப் பதிப்புக்கு மாற்றினார். இறக்கி வைத்திருந்த அத்தனையையும் துடைத்து அழித்தார். படியிலிருந்து அண்ணாச்சி, "அம்புட்டையுமா? ஐயோ பாவி!" என்று அலறினார். எல்லாம் திரும்பவும் இறங்க வேண்டும். எவ்வளவு இறங்கியது என்று திரையில் காட்டுகிற பட்டை எறும்பாக ஊர்ந்தது. கடைசியில் பச்சை விழுந்தது. அவசரமாகப் பீட்டாவின் போனில் ஏற்றி மேஜை மேல் வைத்தோம். போனும் தூங்கியது.

கம்பெனிச் சங்கு ஊதியது. ஒன்றும் வரவில்லை. அண்ணாச்சி சட்டத்தை மீறி உள்ளே வந்துவிட்டார். பீட்டா அவரைக் கவனிக்கவே இல்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஜை அதிர்ந்தது. 'அம்மா வெளியே வந்தாச்சு.'

போனை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார் பீட்டா. "அம்மா இன்னும் பஸ்ஸே ஏறியிருக்க மாட்டாக" என்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "எல்லா வீட்டுக்கும் போட்டுருங்க" என்று மேனேஜர் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

இப்போது நான் சென்னைக்கு வேலைக்கு வந்துவிட்டேன். இங்கே வெடிக்க எதுவும் இல்லை. ஆனாலும் ஆபீசை விட்டு இறங்கியதும் பீட்டாவுக்கு, 'வெளியே வந்தாச்சு' என்று அனுப்புவேன். உடனே, 'சரிலே' என்று வரும். ஒருநாள் மறந்துபோனேன். போனே வந்துவிட்டது: "எங்கன இருக்க? சாப்பிட்டியா?"

சிவகாசியில் ஒருத்தர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாரே என்பதற்காகவே, சில நாள் நான் சீக்கிரம் கிளம்பிவிடுகிறேன்.